கோலின் கைவாகு

கோலின் கனம் ஒன்று, அதன் கைவாகு மற்றொன்று. தராசில் ஒரே நிறை காட்டும் இரண்டு கோல்களுள் ஒன்று எடுத்த மாத்திரத்தில் கைக்கு இணங்கி நிற்பதும், மற்றொன்று மணிக்கட்டைக் கீழே இழுப்பதும், நிறை அக்கோலின் நீளத்தில் எவ்விடத்தில் தங்கியிருக்கிறது என்பதனால் நேர்வன. கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த கல்வராயன் மலை போன்ற வறண்ட இலையுதிர் காடுகளுக்கு உரிய கல்மூங்கில், உட்பொந்து மிகக் குறுகி ஏறத்தாழக் கெட்டியாகவே வளர்வது. அதன் அடிப்பகுதியில் கணுக்கள் நெருங்கியும் சுவர் தடித்தும் இருக்க, மேலே செல்லச் செல்லக் கணுக்கள் விலகிச் சுவரும் மெலிகிறது. ஆகவே நெற்றி உயரத்துக்கு நறுக்கிய சிலம்பக் கம்பு ஒன்றின் அளவு நடுவும் நிறை நடுவும் ஒரே புள்ளியில் அமைவதில்லை. கம்பை ஒரு விரல்மேல் கிடத்தி, எந்த இடத்தில் அது இருபுறமும் சாயாமல் நிற்கிறதோ அந்த இடத்தைக் கண்டுகொள்வதே அதன் இயல்பை அறியும் வழி. நாட்டுப்புறத்துத் தூக்குக்கோலில் கயிற்றுக் கண்ணியை முன்னும் பின்னும் நகர்த்திச் சமநிலை தேடியதும் இதே அறிவின் பயன்பாடுதான்.

மூங்கிலுக்குச் சொன்னது மரத்துக்கும் பொருந்தும். வைரம் பாய்ந்த நடுமரமும் அதைச் சூழ்ந்த வெளிறும் ஒரே அளவில் அறுக்கப்பட்டாலும் ஒரே கனம் காட்டா என்பது தச்சரின் பாலபாடம்; மரச்சிற்பத்துக்கெனப் புவிசார் குறியீடு பெற்றுள்ள கள்ளக்குறிச்சியின் உளிகளுக்கு இதை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. மரத்தின் கனத்தைப் பற்றிய இந்தக் கூர்மையான உணர்வு, ஒரு விளையாட்டுக் கருவியில் அவுன்ஸ் கணக்கில் நுணுகி ஆராயப்படும் இடம் பூல், ஸ்நூக்கர், பில்லியர்ட்ஸ் ஆட்டங்களின் கோல். ‘கியூ’ என்று வழங்கும் அந்தக் கோலின் கனத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் ஒரு கைவினை என்று மதிக்கத்தக்க அளவுக்கு நுட்பமானது.

இந்த ஆட்டக் குடும்பம் தமிழகத்துக்கு அயலானதன்று. 1875இல் ஜபல்பூரின் படைவீரர் விடுதியில் நெவில் சேம்பர்லின் என்னும் இளம் அதிகாரி தொடங்கி வைத்த ஸ்நூக்கர், அவர் உதகமண்டலத்துக்கு மாற்றலாகி வந்தபின், 1882இல் ஊட்டி கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில்தான் விதிகள் எழுதப்பெற்று ஒழுங்கான ஆட்டமாக உருக்கொண்டது. கருவியின் வரலாறோ அதற்கும் மிக முந்தியது. தொடக்க காலத்தில் பந்தைத் தள்ளியது, அகன்ற மரத்தலை பொருத்திய ‘மேஸ்’ என்னும் தடி. பந்து மேசையின் விளிம்பை ஒட்டி நின்றுவிட்டால் அகன்ற தலை அங்கே நுழையாது என்பதால், தடியைத் திருப்பி அதன் ஒல்லியான வாற்பகுதியால் இடித்தனர். வால் எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்தே ‘கியூ’ என்னும் பெயர் வந்தது. இந்தத் தலைகீழ் மாற்றத்தின் முழுப் பொருளும் கனத்தில் இருக்கிறது. முன்பு பந்தைத் தொட்ட கனத்த முனை ஆடுபவரின் கைக்குள் வந்தது, மெல்லிய முனை பந்தை நோக்கித் திரும்பியது. கனத்தால் தள்ளும் தடி, கனத்தைப் பின்னே வைத்துக்கொண்டு குறி பார்க்கும் கோலாக மாறிய தருணம் அது.

இன்றைய பூல் கோல் ஏறத்தாழ 58 அங்குலம், அதாவது 147 சென்டிமீட்டர் நீளமுள்ளது. பெரும்பாலும் மேப்பிள் மரத்தாலான முன்தண்டும் அதனினும் தடித்த அடித்தண்டும் நடுவில் திருகி இணைக்கப்படுகின்றன. பொதுவான நிறை 18 முதல் 21 அவுன்ஸ் வரை. ஓர் அவுன்ஸ் என்பது 28.35 கிராம். உலகப் பூல் பில்லியர்ட் சங்கத்தின் விதி 25 அவுன்ஸை உச்ச வரம்பாக வைத்ததேயன்றிக் கீழ்வரம்பு எதையும் வைக்கவில்லை. அடித்தண்டின் முடிவில் உள்ள ரப்பர் மூடியைக் கழற்றினால், மரத்துக்குள் நீளவாக்கில் குடைந்த ஒரு துளையும், அதன் மரையில் திருகப்பட்ட எடைத் திருகும் தென்படும். எடைத் திருகு என்பது தலையில்லாத ஒரு சிறு உலோகத் தண்டு. அதன் முகப்பில் உள்ள ஆறுமுனைக் குழியில் ஆலன் கீயை நுழைத்து அதை வெளியே எடுத்து, வேறு நீளமுள்ள திருகை மாற்றிப் பொருத்தினால் கோலின் கனம் மாறுகிறது. செய்முறை அவ்வளவே. விளைவுதான் சிந்திக்க வைப்பது.

19 அவுன்ஸ், அதாவது 539 கிராம் நிறையுள்ள ஒரு கோலின் சமநிலைப் புள்ளி அடிமுனையிலிருந்து 47 சென்டிமீட்டரில் இருப்பதாகக் கொள்வோம். அடிமுனையிலிருந்து 8 சென்டிமீட்டர் உள்ளே ஓர் அவுன்ஸ் கூடுதல் கனம் சேர்ந்தால், புள்ளி ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் பின்னோக்கி நகர்ந்து 45இல் வந்து நிற்கும். ஆட்டத்தில் இந்தக் கோலை இரண்டு இடங்கள் தாங்குகின்றன: பின்னே பற்றும் கை ஒன்று, முன்னே மேசைமேல் ஊன்றி விரல்களால் பாலம் அமைக்கும் கை மற்றொன்று. பற்றும் கை 20 சென்டிமீட்டரிலும் பாலக்கை 120 சென்டிமீட்டரிலும் இருந்தால், மாற்றத்துக்கு முன் பாலக்கை தாங்குவது சுமார் 145 கிராம், பற்றும் கை தாங்குவது சுமார் 393 கிராம். மாற்றிய பின் பற்றும் கையின் பங்கு 425 ஆக ஏறுகிறது. பாலக்கையின் பங்கோ 142 ஆகக் குறைந்துவிடுகிறது. கோல் கனத்தது, ஆனால் முன்கைக்கு அது இலேசானது! கனம் கூட்டினால் கோல் மேசையில் அழுத்தமாகப் படியும் என்று எண்ணி அடியில் திருகு சேர்ப்பவர், முன்முனை மிதப்பதாக உணர்ந்து திகைப்பதற்குக் காரணம் இதுவே. திருகு சேர்ந்த இடம் பற்றும் கைக்கும் பின்னே இருப்பதால், ஏற்றப்பலகையின் மறுமுனையில் ஏறி நின்ற ஆளைப்போல அது முன்பக்கத்தைத் தூக்கிவிடுகிறது. உட்துளை நீளமாக அமைந்து, அதே திருகைப் பற்றும் கையின் நேருக்குத் தள்ளி நிறுத்த இடமிருந்தால், பாலக்கை எந்த மாற்றத்தையும் உணராது. ஒரே அவுன்ஸ், இரு வேறு இடங்கள், இரு வேறு கோல்கள்.

பந்தின் வேகத்துக்கு இந்த ஓர் அவுன்ஸ் என்ன செய்கிறது என்பதையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். பூல் பந்தின் நிறை 156 முதல் 170 கிராம் வரை. மோதலின்போது பந்துக்குக் கிட்டும் வேகம், கோலின் நிறையைக் கோல், பந்து இரண்டின் கூட்டு நிறையால் வகுத்துவரும் பின்னத்தைப் பொறுத்தது. 170 கிராம் பந்துக்கு 19 அவுன்ஸ் கோல் தரும் பின்னம் 0.760, 20 அவுன்ஸ் கோல் தருவது 0.769. கை அதே வேகத்தில் வீசுமானால் பந்து பெறும் ஆதாயம் நூற்றுக்கு ஒன்றுக்குச் சற்று மேல், அவ்வளவே. கனமான கோல் பந்தை வெகுவாக விரட்டும் என்னும் பரவலான நம்பிக்கைக்கு இந்தக் கணக்கில் இடம் மிகக் குறைவு. மாறுவது கையின் வீச்சு: கனம் கூடினால் வீச்சு நிதானப்பட்டு, தொடங்கிய நேர்கோட்டிலேயே கோல் செல்ல முயல்கிறது, கனம் குறைந்தால் வேகம் எளிதில் கிட்டினாலும் மணிக்கட்டின் சிறு நடுக்கமும் கோலின் நுனிக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. முதல் அடியில் பந்துக்குவியலைச் சிதறடிக்கும் கோலைச் சிலர் கனம் குறைத்து வைத்துக்கொள்வதும், பந்தை எழும்பித் தாவச் செய்யும் குட்டைக் கோல் மிக இலேசாகச் செய்யப்படுவதும் இந்த வேகக் கணக்கினால்தான்.

ஸ்நூக்கர் கோல் இவ்வகையில் மேலும் சுவையானது. வரி தெளிந்த ஆஷ் மரத்தாலான அதன் தண்டின் அடியில் கருங்காலி இணைக்கப்படுகிறது. நீரில் இட்டால் மூழ்கும் அளவுக்கு அடர்ந்த அந்த மரத்தைக் கூரிய நாக்குகளாக இழைத்து, ஆஷ் மரத்தோடு கைகோத்ததுபோல் ஒட்டவைக்கும் வேலைப்பாட்டில் அழகும் கனமும் ஒருங்கே வருகின்றன. கருங்காலி நாக்கு எவ்வளவு தூரம் மேலேறுகிறதோ, அதற்கேற்ப நிறையும் முன்னோக்கிப் படிப்படியாகப் பரவுகிறது. 17, 18 அவுன்ஸ் அளவிலான இக்கோலில் கனம் போதாதபோது அடியில் துளையிட்டு ஈயம் வைப்பதும் உண்டு. ஆயினும் மரத்தாலேயே அமைந்த கனத்துக்கும் செருகிய ஈயத்தின் கனத்துக்கும் கையில் வேறுபாடு தெரியும். ஈயம் ஓரிடத்தில் முடிச்சாக நிற்க, மரத்தின் கனம் தண்டோடு கரைந்திருக்கிறது. நல்ல மரம் கிடைக்கும்போது உலோகத்தை நாடாதிருப்பதே மேலான வேலை.

இணைப்புகளும் கனத்தில் பங்கு கொள்கின்றன. நடுவே எவர்சில்வர் வளையம் வைத்த பூல் கோலில் சமநிலைப் புள்ளி முன்னே நகரும். மரத்தோடு மரம் பொருந்தும் இணைப்பில் அது பின்தங்கும். பிடியில் சுற்றிய நூலோ தோலோகூடச் சில கிராம்களைச் சேர்க்கிறது. ஆகவே திருகை மாற்றுமுன் கோலை விரல்மேல் கிடத்தி, சமநிலைப் புள்ளியில் ஒரு துண்டு ஒட்டுத்தாளை அடையாளமாக ஒட்டிவைப்பது முறை. மாற்றியபின் புள்ளி எங்கே போயிற்று என்பதை அந்த அடையாளம் காட்டிவிடும். அரை அவுன்ஸுக்கு மேல் ஒரே தடவையில் மாற்றுவது சரியன்று, கை பழகச் சில நாள் ஆட்டமாவது வேண்டும்.

பொருத்துவதிலும் கவனம் தேவை. திருகு தளர்ந்திருந்தால் ஒவ்வோர் அடியிலும் மெல்லிய கடகடப்பு எழுந்து கோல் முழுதும் பரவும். இரண்டு சிறு திருகுகளை ஒன்றன்பின் ஒன்றாக வைக்கும்போது அவை அரைகுறையாகத் தொட்டுக்கொண்டிருந்தாலும் இதே ஓசைதான். மிகையாக முறுக்கினாலோ மரை கிழிந்து அடித்தண்டு விரிசல் காணும். திருகு மரத்தைப் பற்றி நின்றதும் கையை எடுத்துவிட வேண்டும். பிறகு கோலின் அடியை உள்ளங்கையில் இரண்டொரு முறை தட்டிக் காதோரம் வைத்துக் கேட்டு, மரத்தின் ஓசை மட்டும் கேட்கிறது என்று உறுதியான பின்பே ரப்பர் மூடியை இடவேண்டும்.