சிறார் எழுத்தும் அதனை அளக்கும் கோலும்

வகுப்பறைச் சுவரிலே சிறார் எழுதி ஒட்டும் சஞ்சிகை, எழுத்துப் பயிற்சிகளுள் சிறந்ததொன்று. ஆசிரியர் ஒருவரே காணும் அப்பியாசக் கொப்பியில் எழுதுவது வேறு. தோழர் பலர் நின்று படிக்கும் தாளில் எழுதுவது வேறு. பின்னதற்கு வாசகர் உளர். ஆயின், அவ்வெழுத்துக்குப் புள்ளியிடுவது எங்ஙனம்? இதுவே ஈண்டு ஆராயற்பாலது.

எழுத்தை அளக்கும் கோல் தமிழர்க்குப் புதியதன்று. 13ஆம் நூற்றாண்டினராகிய பவணந்தி முனிவர், நன்னூற் பாயிரத்துள் நூலுக்குரிய குற்றம் பத்தும் அழகு பத்தும் வகுத்தார். குன்றக் கூறலும் மிகைபடக் கூறலும் குற்றம். சுருங்கச் சொல்லலும் விளங்க வைத்தலும் அழகு. இரண்டும் எண்ணால் ஒத்து நிற்றல் கருதத்தக்கது. குற்றம் காண்போன் அழகும் காணக் கடமைப்பட்டவன் என்பது அதனாற் பெறப்படும். நம் வகுப்பறைகளோ முதற்பட்டியலைப் பற்றிக்கொண்டு மற்றதைக் கைவிட்டன.

உப்புவெளிச் சிறுமி ஒருத்தி, கரைவலை இழுத்த காலையைப் பற்றி எழுதுகின்றாள் எனக் கொள்வோம்: “வலை பாரமா இருந்தது. அப்பா சிரிச்சார். உள்ளுக்க எல்லாம் பாசி.” சிவப்பு மை மூன்று இடங்களிற் பாயும். ‘பாரமாக’, ‘சிரித்தார்’, ‘உள்ளே’ எனத் திருத்தம் பெறும். பத்துக்கு நான்கு புள்ளி விழும். நம்பிக்கையும் ஏமாற்றமும் மூன்றே வாக்கியத்துள் அடங்கிய அழகை அம்மை காணாது. அடுத்த முறை அவள் பசுவுக்கு நான்கு கால் என்று பிழையற எழுதுவாள். பிழை போயிற்று, எழுதியவளும் போயினாள்.

1997ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தம் ஆரம்பக் கல்வியை மூன்று முதன்மை நிலைகளாக வகுத்துத் தேர்ச்சிவழி மதிப்பீட்டை வற்புறுத்திற்று. எனினும், ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையின் நிழல் கீழ்வகுப்புகள்வரை நீள்கின்றது.

எழுத்துப்பிழையைத் திருத்தவேண்டாவோ எனின், வேண்டும். ஆனால் அது முதலிடம் பெறற்பாலதன்று. தான் கண்டதைச் சொன்னாளா? படிப்போர்க்கு விளங்குகின்றதா? நிகழ்ச்சிகள் முறைப்பட நிற்கின்றனவா? சென்ற மாதத்து எழுத்தினும் வளர்ச்சி உளதா? இந்நான்கின் பின்னரே எழுத்துப்பிழை வருக. இவ்வளவுகோலை எழுதுமுன்னரே சிறாருக்கு அவர்தம் மொழியில் விளக்குதலும் வேண்டும்; அறியாத விதியால் அளக்கப்படுவோர் அஞ்சுவரேயன்றி வளரார்.

நன்னூல் விதித்தது நூலாசிரியர்க்கேயாம். அவ்விருபதையும் சிறார்மேற் சுமத்துதல் தகாது. குற்றத்தோடு அழகையும் எண்ணிய அந்நடுவுநிலையே நாம் கொள்ளத்தக்கது.