பாயிரத்தில் இடம்பெறாதோர்: பாத்திரமேற்பு ஆட்டங்களில் படைப்புரிமையும் படைப்புப் பொறுப்பும்

முன்னுரை

ஒரு நூலைப் பயிலப் புகுவோர் முதற்கண் அதன் பாயிரத்தை அறிதல் வேண்டும் என்பது தமிழ்க் கல்வி மரபு. நன்னூலார் சிறப்புப்பாயிரத்திற்கு வகுக்கும் கூறுகளுள் ஆக்கியோன் பெயர் முதலில் நிற்கிறது. ஆயினும் அவர் அத்துடன் அமையவில்லை. அந்நூலைக் கேட்டற்குரியோர் யாவர் என்பதும் சொல்லப்பட வேண்டும் என்கிறார். காலம், களம், காரணம் என்னும் மூன்றையும் சேர்த்து எண்ணுவோர் உளர் என்பதையும் குறிக்கிறார். களம் என்பது நூல் அரங்கேறிய அவை. ஆக, நூலைப் பற்றிய அறிவு என்பது எழுதியவனைப் பற்றிய அறிவோடு முடிவதில்லை. யார்முன், எங்கு, எதன்பொருட்டு என்பனவும் அதனுள் அடங்கும் என நம் முன்னோர் கருதினர்.

இப்பார்வையைத் தமிழாய்வு பெரிதும் கவனியாத ஒரு துறையின்மீது செலுத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அத்துறை மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடப்பெறும் பாத்திரமேற்பு ஆட்டம். அதனை வடிவமைப்போர், ஆடுவோர் ஆகிய இரு சாராரின் படைப்பு வாழ்வும் எவ்வாறு பின்னிக் கிடக்கிறது, அவ்விரு சாராருள் யாருக்கு எந்த அளவில் பெருமையும் பழியும் உரியன என்பது இங்கு ஆராயப்பெறுகிறது. பிளாக்மூர், லோடோஸ், டெக்குமெல் என்னும் மூன்று கற்பனை உலகங்கள் சான்றுகளாகக் கொள்ளப்பெறுகின்றன.

ஆட்டத்தின் இயல்பு

இவ்வாட்டத்தை அறியாதார்க்கு ஒரு சிறு விளக்கம் தேவை. நால்வர் அல்லது ஐவர் ஒரு மேசையைச் சுற்றி அமர்கின்றனர். ஒருவர் ஆட்ட நெறியாளர். அவர் சூழலைச் சொல்லால் விவரிக்கிறார். ஏனையோர் ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை ஏற்று, அச்சூழலில் தம் பாத்திரம் என்ன செய்கிறது, என்ன சொல்கிறது என்று கூறுகின்றனர். முயற்சி கைகூடுமா என்னும் ஐயம் எழுமிடத்துப் பகடை உருட்டப்படுகிறது. பெரும்பாலும் வென்றவர், தோற்றவர் என்று இதில் எவருமில்லை. விதிநூல் ஒரு சட்டகத்தைத் தருகிறது. கதையோ பேச்சில் பிறந்து பேச்சிலேயே கரைகிறது. விதிநூலை ஆயிரம் முறை அச்சிடலாம். ஓர் இரவின் ஆட்டத்தை மறுநாள் அவ்வாறே மீண்டும் ஆடுதல் இயலாது.

இலக்கியத் திறனாய்வுக்கு இதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. அச்சேறியதை மட்டுமே படைப்பு எனக் கொள்ளும் பழக்கம் நம்மிடம் வேரூன்றியுள்ளது. அப்பழக்கத்தின்படி நோக்கின் விதிநூலாசிரியர் மட்டுமே படைப்பாளராவார். ஆடியவர் வெறும் நுகர்வோராகி விடுவார். இம்முடிவு பொருந்தாது என்பதை இவ்வாட்டத்தின் பிறப்பு வரலாறே காட்டுகிறது.

பிளாக்மூர்: பேசியவரும் எழுதியவரும்

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்து இரட்டை நகரங்களான மினியாபொலிஸ், செயின்ட் பால் ஆகியவற்றில் போர்விளையாட்டு ஆர்வலர் குழு ஒன்று இயங்கி வந்தது. அதுவரை அத்தகைய விளையாட்டில் ஒருவர் ஒரு படையைச் செலுத்துவதே வழக்கம். 1969இல் டேவிட் வெஸ்லி என்பவர் பிரௌன்ஸ்டைன் என்னும் கற்பனைப் பிரஷ்ய நகரை அமைத்து, அந்நகர வாழ்வில் இடம்பெறும் தனி மனிதர்களின் நிலையை ஆட்டக்காரர் சிலருக்கு வழங்கினார். ஆட்டக்காரர்களோ அவர் வகுத்த ஒழுங்குக்குள் நில்லாமல் தமக்குள் பேரம் பேசினர், சூழ்ச்சி செய்தனர். தம் முயற்சி தோற்றது என்றே வெஸ்லி கருதினார். ஆடியவர்களோ மீண்டும் ஆட வேண்டும் என்றனர். ஒரு புதிய கலைவடிவத்தின் தோற்றத்தை அதனை வடிவமைத்தவர்க்கு முன்னரே ஆடியவர்கள் கண்டுகொண்டனர் என்பது இங்கு ஊன்றி நோக்கத்தக்கது.

அக்குழுவைச் சேர்ந்த டேவ் ஆர்னெசன் பின்னர் பிளாக்மூர் என்னும் கற்பனை நாட்டை உருவாக்கினார். வாரந்தோறும் ஒரே பாத்திரம் தொடர்ந்து வருதல், அனுபவத்தால் அப்பாத்திரம் வளர்தல், கோட்டையின் அடியில் விரியும் நிலவறைகளைத் துருவிச் செல்லுதல் ஆகியன அங்கு உருப்பெற்றன. விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவாவில் வாழ்ந்த கேரி கைகாக்ஸ், ஜெஃப் பெரனுடன் இணைந்து 1971இல் 'செயின்மெயில்' என்னும் இடைக்காலப் போர் விதிநூலை வெளியிட்டிருந்தார். ஆர்னெசன் அவ்வூர் சென்று பிளாக்மூரை ஆடிக் காட்டினார். அதன் விளைவாக இருவர் பெயரிலும் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' 1974இல் ஒரு பெட்டியில் மூன்று சிறு நூல்களாக வெளிவந்தது. முதற்பதிப்பு 1,000 படிகள்.

ஆர்னெசனின் ஆற்றல் களத்தில் வெளிப்பட்டது. கைகாக்ஸின் ஆற்றல் களத்தில் நிகழ்ந்ததை விதியாக வகுத்து எழுதுவதில் வெளிப்பட்டது. இரண்டும் படைப்பாற்றலே. முதல் நூலுக்குக் கைகாக்ஸ் எழுதி 1973 நவம்பர் 1 எனத் தேதியிட்ட முன்னுரை, ஆர்னெசனையும் இரட்டை நகரங்களின் குழுவையும் நினைவுகூர்கிறது. நன்னூலார் கேட்கும் ஆக்கியோனும் களமும் அதில் உள்ளன. ஆனால் 1977 முதல் 1979 வரை வெளிவந்த 'அட்வான்ஸ்ட்' வரிசையின் மூன்று அடிப்படை நூல்களும் கைகாக்ஸ் ஒருவர் பெயரையே ஆசிரியராகத் தாங்கின. 1979இல் ஆர்னெசன் வழக்குத் தொடுத்தார். 1981இல் நீதிமன்றத்திற்கு வெளியே இணக்கம் ஏற்பட்டது.

வழக்கு இருவருக்கிடையே இருந்த கணக்கைத் தீர்த்தது. மீண்டும் ஆட வேண்டும் என்று கேட்டவர்களின் பங்கை எந்த வழக்கும் அளந்ததில்லை. 1974ஆம் ஆண்டு நூல்களின் நடை தெளிவானதன்று. பல இடங்களில் இதை எவ்வாறு ஆடுவது என்று படிப்பவர் திகைக்க நேரும். ஒரு நூலின் குறையாகக் கருதத்தக்க இவ்விடைவெளிகளே ஆட்டக்காரர்களைத் தத்தம் ஊர்களில் விதிகளை இயற்றத் தூண்டின. மூலம் சுருங்கிய இடத்தில் உரை விரிவதை நாம் அறிவோம். இங்கும் அதுவே நிகழ்ந்தது. படித்தவர் உரைகாரராயினர், உரைகாரருட் சிலர் பின்னர்த் தாமே வடிவமைப்பாளராயினர்.

லோடோஸ்: பேச்சு நாவலாகிய கதை

களத்தில் பிறந்த பேச்சு அப்படியே அச்சேறினால் என்ன ஆகும்? இவ்வினாவுக்கு ஜப்பான் ஒரு விடை தந்தது. 1986இல் 'காம்ப்டிக்' என்னும் கணினி விளையாட்டு இதழ், குரூப் எஸ்.என்.இ. என்னும் குழுவினர் ஆடிய ஆட்டத்தின் உரையாடலைத் தொடராக வெளியிட்டது. ஆட்ட நெறியாளர் மிசுனோ ரியோ. இவ்வகை எழுத்து அங்கு 'ரீப்ளே' என வழங்குகிறது. அதில் பாத்திரத்தின் பேச்சும் அப்பாத்திரத்தை ஏற்றவரின் பேச்சும் அடுத்தடுத்து வரும். வீரன் வாளை ஓங்குவான். அவனை ஏற்றவர் பகடையைப் பார்த்து நொந்துகொள்வார். படைப்பு நிகழும் கணமும் படைப்பும் ஒரே பக்கத்தில் கிடக்கும் இத்தகைய பனுவல் திறனாய்வாளர்க்கு அரிய செல்வமாகும்.

1988இல் மிசுனோ அக்கதையை 'லோடோஸ் தீவுப் போர் வரலாறு' என்னும் நாவல் வரிசையாக எழுதத் தொடங்கினார். 1990இல் அது அசைவூட்டப் படத்தொடராயிற்று. அதன் புகழ்பெற்ற பாத்திரம் டீட்லிட் என்னும் வனமகள். மூல ஆட்டத்தில் அப்பாத்திரத்தை ஏற்றவர் அறிவியல் புனைகதை எழுத்தாளர் யாமமோட்டோ ஹிரோஷி. அவர் ஓர் ஆடவர். வாசகர் நெஞ்சில் நிலைத்த ஒரு பெண் பாத்திரத்தின் முதற்குரல் ஆடவர் ஒருவருடையது. அப்பாத்திரத்தை நாவலில் நிலைநிறுத்திய எழுதுகோல் வேறோர் ஆடவருடையது. இப்பாத்திரத்தின் ஆக்கியோன் யார் என்னும் வினாவுக்கு ஒரு பெயரில் விடையளித்தல் இயலாது.

நாவல் ஆட்டத்தினின்று பெற்றது பெரிது, இழந்ததும் உண்டு. ஆட்டத்தில் பகடை தற்செயலாக விழுகிறது. அத்தற்செயலுக்கு முகங்கொடுத்து ஆட்டக்காரர் பொருள் கற்பிக்கிறார். நாவலில் அதே நிகழ்ச்சி விதியாகவும் நோக்கமாகவும் மாறிவிடுகிறது. எதிர்பாராததை ஏற்றுக் கதையாக்கும் திறன் ஆட்டக்காரருக்கே உரிய படைப்புத்திறன். அதனை நாவலின் சீரான நடை மறைத்துவிடுகிறது. ஆகவே ரீப்ளேயை நாவலின் கரட்டு வடிவம் என்று தள்ளாமல் தனியொரு இலக்கிய வகையாகக் கொள்வதே முறை.

டெக்குமெல்: நம் துறையைச் சார்ந்த ஒருவர்

மூன்றாம் சான்று இந்திய ஆய்வியல் துறைகளுக்கு மிக அணுக்கமானது. எம்.ஏ.ஆர். பார்க்கர் மொழியியல் அறிஞர். தென் ஒரிகன் பகுதித் தொல்குடியினரின் கிளமத் மொழிக்கு அவர் தொகுத்த அகராதி 1963இலும் இலக்கணம் 1964இலும் வெளிவந்தன. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய காலத்தில் உருது, பலூச்சி மொழிகளுக்குப் பாடநூல்கள் உருவாக்கினார். பின்னர் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் தெற்காசிய ஆய்வுத் துறையில் பணியாற்றினார். 1975இல் அவர் வடிவமைத்த 'எம்பயர் ஆஃப் த பெட்டல் த்ரோன்' வெளிவந்தது. அதன் களமாகிய டெக்குமெல் உலகிற்குத் தனி மொழிகள், எழுத்து முறை, தெய்வங்கள், குலங்கள், சடங்குகள் உள. ஐரோப்பிய இடைக்காலச் சாயலிலேயே பெரும்பாலோர் கற்பனை செய்துகொண்டிருந்த காலத்தில், அச்சாயலினின்று விலகி, தெற்காசிய, நடு அமெரிக்கப் பண்பாடுகளின் அறிவைக் கொண்டு எழுப்பப்பட்ட உலகம் அது. ஆட்டக்காரர் அங்கு அந்நியராகவே தொடங்குகிறார். சிறு படகில் ஜக்காலா துறைமுகத்தை அடைந்து, ஊராரின் வழக்கங்களை அறியாமல் இடர்ப்படுகிறார். புலம்பெயர்ந்தோர் வரலாற்றைக் கற்கும் நமக்கு இத்தொடக்கம் புதிதன்று.

பார்க்கரின் இல்லத்து ஆட்டக் குழுக்கள் பல பத்தாண்டுகள் கூடின. ஆட்டக்காரரின் வினாக்கள் அவ்வுலகின் வரலாற்றை வளர்த்தன. அவர்தம் செயல்கள் அதன் அரசியலை மாற்றின. 1984இல் வெளிவந்த அவருடைய 'த மேன் ஆஃப் கோல்ட்' நாவலில் ஒரு மொழியறிஞனே நாயகனாகிறான். புலமை புனைவாக மலர்ந்ததற்கு இதனினும் சிறந்த சான்று காண்டல் அரிது.

பார்க்கர் 2012இல் மறைந்தார். 2022 மார்ச்சில் டெக்குமெல் அறக்கட்டளை ஓர் உண்மையை வெளிப்படையாக ஏற்றது. 1991இல் புனைபெயரில் வெளிவந்த 'சர்ப்பன்ட்ஸ் வாக்' என்னும் நாஜிச் சார்பு நாவலை எழுதியவர் பார்க்கரே என்பதும், யூத இனப்படுகொலையை மறுக்கும் இதழொன்றின் ஆலோசனைக் குழுவில் அவர் இடம்பெற்றிருந்தார் என்பதும் அவ்வுண்மை.

இதனை எதிர்கொள்வதில் இரு எளிய வழிகள் உள. ஒன்று, ரோலான் பார்த் முதலியோர் கூறிய 'ஆசிரியரின் மரணம்' என்னும் கருத்தைத் துணைக்கொண்டு, இவ்வுலகம் ஆட்டக்காரர்களுடையது, ஆசிரியரைப் பற்றி நமக்கென்ன என்று ஒதுக்குதல். ஆட்டக்காரரின் பங்கை இதுகாறும் வலியுறுத்திய இக்கட்டுரைக்கு அவ்வழி உவப்பாகத் தோன்றலாம். ஆயினும் அது நேர்மையன்று. ஓர் உலகின் மொழிநுட்பத்தைப் புகழும்போது பேராசிரியர் பெயரை முன்னிறுத்தி, அவர்மீது பழி வந்தபோது மட்டும் ஆசிரியரே இல்லை என்பது கோட்பாடாகாது, அது தப்பித்தல். மற்றொன்று, அவ்வுலகையே முற்றாக அழித்தொழிக்க வேண்டும் என்பது. இவ்வழி, அவருடைய மறைவான எழுத்தை அறியாமலே பல்லாண்டு உழைத்துக் கற்பனை செய்த ஆட்டக்காரர்களைப் பாயிரத்தினின்று இரண்டாம் முறையும் நீக்குகிறது.

முடிவுரை

மூன்று சான்றுகளும் ஒரு முடிவையே உணர்த்துகின்றன. பாத்திரமேற்பு ஆட்டம் பலர் கூடி ஆக்கும் படைப்பு. ஆனால் 'பலர்' என்பது ஒருவரும் பொறுப்பில்லை என்று பொருள்படாது. ஆர்னெசனுக்கு உரிய பெயரைக் கேட்கும் அதே நீதிதான் பார்க்கரின் பெயரை மறைக்காதே என்றும் கேட்கிறது. உரிமையைப் பங்கிடுவோர் பொறுப்பையும் பங்கிட்டாக வேண்டும். யாருக்கு எவ்வளவு என்பதைத் தனித்தனியே குறித்தாக வேண்டும்.

இதற்கு நம் பாயிர மரபு ஏற்ற கருவியாகும். ஆக்கியோன் யார், அவனது முழு எழுத்து எத்தகையது, கேட்டோரும் ஆடியோரும் யாவர், எக்களத்தில் எது பிறந்தது என்று ஒவ்வொன்றையும் வெளிப்படையாக எழுதுதல் வேண்டும். பார்க்கரின் உருதுப் பாடநூலையோ கிளமத் அகராதியையோ மாணவர் கையில் கொடுக்கும் துறைகளுக்கும் இக்கடப்பாடு உண்டு. அகராதியின் பயன் அவருடைய நாவலால் குறைந்துவிடாது. அவ்வாறே நாவலின் நஞ்சும் அகராதியால் நீங்கிவிடாது. இரண்டையும் ஒரே பாயிரத்தில் எழுதத் தயங்காத திறனாய்வே இன்று நமக்கு வேண்டுவது.