இருவருக்கு ஒரு சந்தா

இரண்டு பேர் சேர்ந்து வாசிப்பதற்கு மேல்நாட்டுச் சங்கீதத்தில் ‘டூயோ’ என்று ஒரு பெயர் உண்டு. ஒருவர் வயலின் வாசிப்பார். மற்றவர் பியானோ வாசிப்பார். ஒருவர் வாசிப்பதை மற்றவர் காதில் வாங்கிக்கொள்ளாவிட்டால் கச்சேரி அங்கேயே கவிழ்ந்துவிடும். ஆகையால், ஸ்பாட்டிஃபை கம்பெனியார் இரண்டு பேருக்கென்று ஏற்படுத்திய சந்தாவுக்கு ‘பிரீமியம் டூயோ’ என்று பெயர் வைத்திருப்பதைக் கேள்விப்பட்டபோது, இரண்டு பேரைச் சேர்ந்து உட்கார்ந்து பாட்டுக் கேட்க வைக்கிற ஏற்பாடு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன் என் மகன் எங்கள் வீட்டிலேயே அதைச் செய்து கொடுத்த பிறகுதான் விஷயம் வேறு என்று தெரிந்தது.

நாவலையும் நாடகத்தையும் விமரிசனம் செய்யலாம். சந்தாவை விமரிசனம் செய்வதுண்டா என்று வாசகர்கள் கேட்கலாம். ஒரு கூரையின் கீழ் இரண்டு மனிதர்கள் எப்படி வாழ்வார்கள் என்பதைப் பற்றி ஒரு கற்பனை இந்தச் சந்தாவுக்குள் இருக்கிறது. கதை எழுதுகிறவனுக்கு அந்த உரிமை போதும்.

முதலில் ஏற்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். ஸ்பாட்டிஃபை, ஸ்வீடன் தேசத்து ஸ்டாக்ஹோம் நகரில் 2006-ல் தோன்றிய கம்பெனி. 2008-ல் ஜனங்களுக்குப் பாட்டு வழங்க ஆரம்பித்து, 2019 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்து சேர்ந்தது. அதே ஆண்டு மார்ச்சில் கொலம்பியா, சிலி, டென்மார்க், அயர்லாந்து, போலந்து ஆகிய ஐந்து நாடுகளில் டூயோவை வெள்ளோட்டம் விட்டார்கள். 2020 ஜூலையில் அது அமெரிக்கா உள்பட 55 நாடுகளுக்குப் பரவியது. அமெரிக்காவில் அப்போது தனி ஆளுக்கு மாதச் சந்தா 9 டாலர் 99 சென்ட். டூயோவுக்கு 12 டாலர் 99 சென்ட். இருவரும் தனித்தனியாகக் கட்டினால் 19 டாலர் 98 சென்ட் ஆகும். சேர்ந்து கட்டினால் ஏறக்குறைய 7 டாலர் மிச்சம். கட்டணமும் திட்டங்களும் நாட்டுக்கு நாடு, காலத்துக்குக் காலம் மாறிக்கொண்டே இருப்பதால் இந்தக் கணக்கை ஓர் உதாரணமாகவே கொள்ள வேண்டும்.

இருவரில் ஒருவர் பணம் கட்டுகிறார். அவருக்கு மானேஜர் என்று பெயர். (எங்கள் வீட்டில் எனக்கு அந்தப் பதவி கிடைத்தது அதுவே முதல் தடவை.) மானேஜர் அழைப்பு அனுப்புகிறார், மற்றவர் தம்முடைய விலாசத்தைக் கொடுத்துச் சேர்ந்துகொள்கிறார். இரண்டு விலாசமும் ஒன்றாக இருக்கவேண்டும் என்பது நிபந்தனை. கணவன் மனைவியாக இருக்க வேண்டும் என்பதில்லை. தாயும் மகனும் சேரலாம், ஒரே வீட்டில் குடியிருக்கும் இரண்டு சிநேகிதர்களும் சேரலாம். சேர்ந்த பிறகு இருவருக்கும் தனித்தனிக் கணக்கு, தனித்தனிப் பட்டியல். ஒரே நேரத்தில் அவர் ஒரு பாட்டும் இவர் ஒரு பாட்டும் கேட்கலாம். மற்றவர் என்ன கேட்கிறார் என்று பார்க்கும் அதிகாரம் மானேஜருக்குக் கிடையாது. அவர் பணம் கட்டுவதை நிறுத்தினால் இருவருமே விளம்பரம் குறுக்கிடும் இலவச வகைக்கு இறங்கிவிடுவார்கள். அவரவர் சேர்த்த பட்டியல் அவரவரிடமே இருக்கும். கருவியில் இறக்கி வைத்திருந்த பாட்டுகள் மட்டும் போய்விடும்.

இந்த ஏற்பாடு ஏன் தேவைப்பட்டது என்பது சுவாரசியமான விஷயம். சிக்கனம் தெரிந்த தம்பதிகள் ஒருவர் பெயரில் சந்தா கட்டி இருவரும் அதையே பயன்படுத்திப் பார்ப்பார்கள். அதில் ஒரு தொல்லை உண்டு. கணவன் ஆபீசில் ஒரு பாட்டைத் தொடங்கியதும் மனைவிக்கு வீட்டில் பாட்டு நின்றுபோகும். அவள் மறுபடி தொடங்கினால் அவனுக்கு நின்றுபோகும். ஒரு கணக்கு என்றால் ஒரு சமயத்தில் ஒரு காதுதான் என்பது சட்டம்.

இன்னொரு தொல்லை இதைவிட வேடிக்கையானது. 2015-லிருந்து திங்கட்கிழமைதோறும் ‘டிஸ்கவர் வீக்லி’ என்று 30 பாட்டுகளை அந்த இயந்திரமே பொறுக்கிக் கொடுக்கிறது. சந்தாதாரர் கேட்டதை வைத்து, அவர் எப்படிப்பட்ட ஆசாமி என்று அது ஊகித்துக்கொள்கிறது. இருவர் ஒரே கணக்கில் கேட்டால், விடியற்காலையில் சுப்ரபாதமும் நடுப்பகலில் இரைச்சல் வாத்தியமும் ராத்திரியில் தாலாட்டும் கேட்கும் ஒரு விசித்திரப் பிறவியை அது கற்பனை செய்துகொள்ளும். அப்படிப்பட்ட பாத்திரத்தை நான் ஒரு நாவலில் படைத்தால், நம்பும்படியாக இல்லை என்று வாசகர்கள் கடிதம் எழுதுவார்கள். டூயோ அந்தப் பிறவியை இரண்டாகப் பிரித்து, அவரவர் குணத்தை அவரவருக்குத் திருப்பிக் கொடுத்தது. இது நல்ல காரியம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

குறைகளுக்கு வருகிறேன். ஒரே விலாசம் என்ற நிபந்தனை கம்பெனியின் பார்வையில் நியாயமாக இருக்கலாம். இல்லாவிட்டால் ஊர் பேர் தெரியாத இரண்டு பேர் ஜோடி சேர்ந்து மலிவுச் சந்தா கட்டிவிடுவார்கள். ஆறு பேர் சேரும் குடும்பச் சந்தாவிலும் இதே நிபந்தனைதான். 2018-ல் அந்தச் சந்தாதாரர் சிலரிடம், ‘நீங்கள் இருக்கும் இடத்தை வானத்துச் செயற்கைக்கோள் மூலம் உறுதி செய்யுங்கள்’ என்று கேட்டுப் பார்த்து, ஆட்சேபம் கிளம்பியதும் அதைக் கைவிட்டார்கள். ஆனால் உத்தியோகத்தின் பொருட்டு கணவன் ஓர் ஊரிலும் மனைவி ஓர் ஊரிலும் இருக்கும் குடும்பங்கள் இன்று எத்தனை! சேர்ந்து அனுபவிக்க ஏதாவது ஒன்று வேண்டும் என்று ஏங்குகிறவர்கள் அவர்கள்தான். விதிப்படி அவர்கள் ‘இருவர்’ அல்ல; ஒன்றும் ஒன்றும்தான். வருஷத்தில் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளாமல் ஒரே வீட்டில் இருக்கும் இரண்டு பேரோ, எல்லா நிபந்தனைகளையும் பூர்த்தி செய்தவர்கள்!

பாடுகிறவர்களுக்கு என்ன கிடைக்கிறது என்பதையும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். நீங்களும் உங்கள் மனைவியும் மாதம் முழுவதும் ஒரே பாடகியின் பாட்டையே கேட்டாலும், உங்கள் சந்தாப் பணம் நேரே அந்த அம்மாளுக்குப் போய்ச் சேராது. எல்லார் பணமும் ஒரு பொதுப் பானையில் விழுகிறது. மொத்தக் கேள்வியில் எவருடைய பாட்டுக்கு எத்தனை பங்கோ, அதன்படி உரிமையாளர்களுக்குப் பிரிக்கிறார்கள். 2024-லிருந்து, 12 மாதத்தில் ஆயிரம் தடவையாவது கேட்கப்படாத பாட்டுக்குப் பங்கே கிடையாது. ஆகவே, ‘எங்கள் சந்தாவினால் எங்கள் அபிமானப் பாடகி வாழ்கிறாள்’ என்று தம்பதிகள் திருப்தி கொள்வதற்கு அதிக இடமில்லை.

இவையெல்லாம் வரவு செலவு விஷயம். எனக்கு முக்கியமாகப்படும் குறை அந்தப் பெயரிலேயே இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன், ஜப்பானில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்லவேண்டும்.

சோனி கம்பெனியை ஸ்தாபித்தவர்களில் ஒருவரான அகியோ மொரீட்டா 1986-ல் தம் சுயசரிதையை வெளியிட்டார். வாக்மன் என்ற கைக்கடக்கமான டேப் கருவியை முதன்முதலில் வீட்டுக்கு எடுத்துப் போய்க் காதில் மாட்டிக்கொண்டு கேட்டுப் பார்த்தாராம். பக்கத்தில் இருந்த மனைவிக்கு எரிச்சல் வந்துவிட்டது. கதவைச் சாத்தி வெளியே நிறுத்திவிட்டதுபோல் அந்த அம்மாளுக்குத் தோன்றியிருக்கிறது. அது கண்டு மொரீட்டா இரண்டு பேர் கேட்க வசதி செய்யச் சொன்னார். 1979-ல் வந்த முதல் வாக்மனில் இரண்டு பேர் காதுக் கருவி செருகுவதற்கு இரண்டு துளைகள் இருந்தன. பாட்டுக்கு நடுவே ஒருவரோடொருவர் பேச ஒரு பொத்தானும் ஒலிவாங்கியும் கூட இருந்தன! வாங்கியவர்களோ அதைத் தமக்கே தமக்கான கருவியாகப் பாவிக்கத் தொடங்கினார்கள். பின்னால் வந்த கருவிகளில் அந்தப் பொத்தான் மறைந்தது. இரண்டாவது துளையும் மறைந்தது.

வாக்மனில் இரண்டு காதுக் கருவி, ஒரு பாட்டு. நாற்பது ஆண்டு கழித்து வந்த டூயோவில் ஒரு ரசீது, இரண்டு பாட்டு. பங்கு போட்டுக்கொள்வது பணத்தைத்தானே தவிர சங்கீதத்தை அல்ல.

‘அந்தக் காலமே காலம்’ என்று இங்கே நான் பெருமூச்சு விடுவேன் என்று எதிர்பார்க்கும் வாசகர்களுக்கு ஏமாற்றம் காத்திருக்கிறது. அந்தக் காலத்தில் எங்கள் வீட்டில் ஒரே ரேடியோ. அதற்குத் தபாலாபீசில் லைசென்ஸ் கட்டவேண்டும். லைசென்ஸ் பெட்டிக்குத்தான், காதுகளுக்கு அல்ல. ஆகவே வீடு முழுவதும் கேட்டது, திண்ணையில் உட்கார்ந்த அடுத்த வீட்டுக்காரரும் கேட்டார். ஆனால் திருகாணி என் தகப்பனார் கையில் இருந்தது. சனிக்கிழமை இரவு அகில இந்தியக் கச்சேரி என்றால் அதுதான். எங்கள் தாயார் அதைக் கேட்டுக்கொண்டே சமையலறையை ஒழித்துப் போடுவாள். தகப்பனார் காலமாகிச் சில வாரம் கழித்து, “உனக்குப் பிடித்ததை வைக்கட்டுமா, அம்மா?” என்று கேட்டேன். “அவர் வைத்த இடத்திலேயே இருக்கட்டும்” என்றாள். அவளுடைய சங்கீத ஞானத்தை அன்று மெச்சிக்கொண்டேன். பிடித்தது என்று ஒன்றைச் சொல்வதற்கு அவளை யாரும் அதுவரை பழக்கவில்லை என்று இப்போது தோன்றுகிறது. என் தாயாருக்கு எந்தப் பாட்டுப் பிடிக்கும் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஆகையால், சேர்ந்து கேட்டோம் என்று நான் பெருமை பேசினால் அது பாதி உண்மைதான். ஒருவர் கேட்டார், மற்றவர்கள் உடன் இருந்தார்கள்.

என் வீட்டு அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். சந்தா வந்த பிறகு என் மனைவி மாலையில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு முறுக்குச் சுற்றுவாள். ஏதோ பக்திப் பாட்டாக்கும் என்று நான் விட்டுவிட்டேன். ஊரிலிருந்து வந்த மகன் ஒரு நாள் ‘பிளெண்ட்’ என்ற வசதியைக் காட்டினான். இது 2021-ல் வந்தது. டூயோவில்தான் இருக்கவேண்டும் என்பதில்லை, ஒரே வீடும் தேவையில்லை. ஒருவர் அழைத்து மற்றவர் சம்மதித்தால் இருவர் ரசனையையும் கலந்து ஒரு பட்டியல் தயாராகிவிடும். ரசனைப் பொருத்தம் நூற்றுக்கு இவ்வளவு என்று ஒரு கணக்கும் வருகிறது. ஜோசியர் பத்துப் பொருத்தம் பார்த்துச் செய்துவைத்த கல்யாணம் எங்களுடையது. இயந்திரம் பாதிக்கும் குறைவாகவே மார்க்குப் போட்டது!

அந்தப் பட்டியலில் மதுரை மணி ஐயருக்கு அடுத்தபடியாகத் தலத் மஹ்மூத் வந்தார். “இது யார் கேட்டது?” என்றேன். “நான்தான்” என்றாள் என் மனைவி. அவள் வளர்ந்தது நாகபுரியில். எதிர் வீட்டு ஜன்னலிலிருந்து வந்த கிராமபோன் பாட்டுகளைப் பதினாலு வயதில் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்தவளாம். நாற்பது வருஷத்துக்கு மேலான குடித்தனத்தில் இது எனக்குப் புதுச் செய்தி. “ஏன் சொல்லவே இல்லை?” என்று கேட்டேன்.

“ரேடியோ என்றைக்கு என் பக்கம் வந்தது?” என்றாள்.

என் தகப்பனாரைப்பற்றி மேலே நீட்டி முழக்கியவனுக்கு இதற்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

இப்போது என் அபிப்பிராயத்தைச் சொல்லலாம். அவரவர் காதை அவரவருக்குக் கொடுத்ததில் டூயோ செய்தது நியாயம். எங்கள் தாயார் காலத்தில் இருந்திருந்தால் நான் அதைக் கும்பிட்டிருப்பேன். ஆனால், தனக்கென்று ஒரு பாட்டுக் கிடைத்துவிட்டது என்பதோடு அது நின்றுவிடுகிறது. அந்தப் பாட்டை மற்றவருக்குச் சொல்லும் வேலை சந்தாவில் சேர்த்தி இல்லை. பிளெண்ட் பட்டியலும் யாருக்கு எது பிடிக்கும் என்று சொல்கிறதே தவிர, ஏன் பிடிக்கும் என்று சொல்வதில்லை. நாகபுரியும் எதிர் வீட்டு ஜன்னலும் அந்தப் பட்டியலில் இல்லை, கேட்டதனால் வந்தவை. இரண்டு பேரும் தனித்தனியே காதை மூடிக்கொண்டால் வீட்டில் சண்டை இருக்காது என்பது வாஸ்தவம். கேள்வியும் இருக்காது.

இதற்கு நான் கண்ட பரிகாரம் செலவில்லாதது. இராச் சாப்பாடு ஆனபிறகு ஒரு பித்தளைப் பாத்திரத்தில் போனை நிறுத்தி வைக்கிறோம். சத்தம் கூடத்துக்குப் போதுமானதாக இருக்கிறது. அவள் ஒரு பாட்டு, நான் ஒரு பாட்டு. அவளுடைய பாட்டு நடக்கும்போது நான் எழுந்து போகக்கூடாது என்பது ஒப்பந்தம். தலத் மஹ்மூதின் குரலில் உள்ள அந்த மெல்லிய நடுக்கம் முதல் வாரம் எனக்குப் பிடிபடவில்லை. இப்போது, நேற்றுக் கேட்டதையே இன்னொரு தரம் வைக்கும்படி நானே சில சமயம் கேட்கிறேன்.