அந்த 9 குதிரை

பலேனோ ஆர்எஸ் வைத்திருக்கும் ராஜபாளையம் நண்பர்களிடம் ஒரே பேச்சுதான்: "இதே எஞ்சின் ஐரோப்பாவுல 111 குதிரைத்திறன், நமக்கு 102. வீட்லயே லேப்டாப்பை மாட்டி ரீமேப் பண்ணா மிச்சம் 9 வந்துரும்ல?" மாருதி 2017-ல் விட்ட 1 லிட்டர் டர்போ வண்டி அது. எண்கள் சரி. முடிவுதான் எனக்கு ஒப்பவில்லை.

அங்கே சாதாரண பெட்ரோலே 95 ஆக்டேன்; இந்த வண்டி வந்த 2017-ல் நம்ம ஊர் பங்கில் 91 தான் இருந்தது. டர்போ அழுத்தத்தைக் கூட்டினால் சிலிண்டருக்குள் சூடு ஏறும். ஆக்டேன் குறைந்த பெட்ரோல், தீச்சுடர் வந்து சேருமுன் தானாகவே வெடிக்கும். நாக் சென்சார் அதைக் கேட்டதும் ஈசியு பற்றவைப்பைத் தள்ளிப்போடும். காசு கொடுத்து ஏற்றிய பவர் அங்கேயே போச்சு. சித்திரை வெயிலில் இன்டர்கூலரும் சூடாகிவிட்டால் இன்னும் மோசம்.

இன்னொன்றையும் பாருங்கள். சாதாரண பலேனோவுக்குப் பின்சக்கரத்தில் டிரம் பிரேக். பவர் கூடிய ஆர்எஸ்-க்கு டிஸ்க். கம்பெனி இரண்டையும் சேர்த்தே கூட்டியது. ரீமேப் செய்கிறவர் பவரை மட்டும் கூட்டுகிறார்.

ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற 744-ஆம் நெடுஞ்சாலையில் லாரி, பஸ், ஆடு எல்லாம் குறுக்கே வரும். என் கணக்கில் அந்த 9 குதிரைக்கு முன்னால் வாங்க வேண்டியது நல்ல டயரும் புது பிரேக் ஆயிலும்.