சீட்டு முதலில், சட்டம் பிறகு

1992 அக்டோபர் முதல் தேதி ரஷ்யாவின் சேமிப்பு வங்கிக் கிளைகளில் ஒரு காகிதத்தை வழங்கத் தொடங்கினார்கள். கைக்குழந்தை முதல் கிழவர் வரை ஆளுக்கு ஒன்று, கட்டணம் 25 ரூபிள். மாஸ்கோ வெள்ளை மாளிகையின் படமும் 10,000 ரூபிள் என்ற முகமதிப்பும் அதில் அச்சாகியிருந்தன. வாங்கியவரின் பெயர் மட்டும் எங்கும் இல்லை. யார் கையில் இருக்கிறதோ அவருக்கே அது சொந்தம். அதுவரை அரசின் வசமிருந்த ஆலைகளை மக்களுக்கே பகிர்ந்தளிக்கும் வவுச்சர் அதுதான். ஒரு வவுச்சர் இரண்டு வோல்கா கார்களின் விலை பெறும் என்று அரசுச் சொத்துக் குழுவின் தலைவர் அனத்தோலி சுபைஸ் நம்பிக்கை ஊட்டினார். 1993இன் நடுவில் அதன் சந்தை விலை 4,000 ரூபிள் அளவுக்கு இறங்கியது. அதற்குள் பணவீக்கம் அந்த ரூபிளையே தின்றுவிட்டிருந்தது.

இதை வைத்து மொத்தத் திட்டத்தையும் கொள்ளை என்று முத்திரை குத்துபவர்கள் உண்டு. அவர்களோடு நான் முழுதாக உடன்படவில்லை. அன்றைய ரஷ்யாவில் ஆலைகளை விலைக்கு விற்பதென்றால் யாருக்கு விற்பது? 1992 ஜனவரியில் விலைக் கட்டுப்பாடுகள் நீங்கின. அந்த ஓராண்டில் மட்டும் விலைகள் ஏறக்குறைய 2,500 சதவீதம் ஏறின. ஆயுள் முழுக்கச் சேர்த்த சேமிப்பு சில மாதங்களில் கரைந்தது. மிஞ்சிய பணம் கள்ளச்சந்தைக்காரர்களிடமும் பழைய அதிகார வர்க்கத்தினரிடமும் இருந்தது. போதாததற்கு, ஆலை இயக்குநர்கள் தாங்களே நடத்திய துணை நிறுவனங்களுக்கு மலிவு விலையில் சரக்கைத் தள்ளிவிட்டு, கோர்பச்சேவ் காலத்திலிருந்தே ஆலைகளை உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். காத்திருந்தால் பகிர்வதற்கு எதுவும் மிஞ்சாது என்ற அச்சம் நியாயமானது. எல்லோருக்கும் சமமாக, ஏறக்குறைய இலவசமாகக் கொடுப்பது என்ற யோசனையில் அறமும் இருந்தது.

வேகத்தையும் குறை சொல்ல முடியாது. 1992 டிசம்பரில் மாஸ்கோவின் போல்ஷெவிக் பிஸ்கட் ஆலையில் தொடங்கிய வவுச்சர் ஏலம், 1994 ஜூன் 30இல் திட்டம் முடிவதற்குள் சுமார் 15,000 நடுத்தர, பெரிய நிறுவனங்களை அரசின் பிடியிலிருந்து விடுவித்தது. இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். ரஷ்யப் பெருமுதலாளிகள் என்றதும் பலர் வவுச்சரைத்தான் நினைக்கிறார்கள். ஆனால் நோரில்ஸ்க் நிக்கல், யூக்கோஸ், சிப்நெஃப்ட் போன்ற பெரும் சொத்துகள் கைமாறியது 1995இல், அரசுக்குக் கடன் கொடுத்து அதற்கு ஈடாகப் பங்குகளைப் பெறும் வேறொரு ஏற்பாட்டில். நோரில்ஸ்க் நிக்கலின் 38 சதவீதப் பங்குகளுக்கான ஏலத்தை நடத்திய வங்கியே சுமார் 17 கோடி டாலருக்கு அந்தப் பங்குகளை எடுத்துக்கொண்டது. அதைவிடக் கூடுதலாக வந்த கேட்பு தள்ளுபடியானது. அந்தப் பழியை வவுச்சரின் தலையில் கட்டுவது சரியல்ல.

வவுச்சரின் பிழை வேறிடத்தில் இருக்கிறது. பங்கு என்பது ஓர் உரிமைக் கோரிக்கை. லாபத்தில் பங்கு கேட்கவும், இயக்குநரை நீக்கவும், கணக்கைப் பார்க்கவும் சட்டம் துணைநின்றால்தான் அதற்கு மதிப்பு. ரஷ்யாவில் பங்கு நிறுவனங்களுக்கான சட்டம் நடைமுறைக்கு வந்தது 1996 ஜனவரியில். அதாவது, கடைசி வவுச்சர் செலவாகி ஒன்றரை ஆண்டு கழித்து. இடைப்பட்ட காலத்தில் நடந்தது என்ன? பெரும்பாலான ஆலைகள் தேர்ந்த வழியில் தொழிலாளர்களும் நிர்வாகமும் சேர்ந்து 51 சதவீதப் பங்கை எடுத்துக்கொள்ளலாம். காகிதத்தில் அது தொழிலாளர் உடைமை. சம்பளம் மாதக்கணக்கில் பாக்கி நிற்கும்போது, தன்னை வேலைக்கு வைத்திருக்கும் இயக்குநருக்கு எதிராகக் கூட்டத்தில் கை தூக்கும் தொழிலாளி யார்? பங்குதாரர் பதிவேட்டையும் பல இடங்களில் ஆலை நிர்வாகமே வைத்திருந்தது. 1994இல் கிராஸ்நோயார்ஸ்க் அலுமினிய ஆலையில் ஒரு வெளிநாட்டு வணிகக் குழுமத்தின் பங்குகளையே பதிவேட்டிலிருந்து நீக்கிவிட்டார்கள். வழக்கறிஞர் படையே வைத்திருக்கும் குழுமத்துக்கு அந்தக் கதி என்றால், கையில் நாலு பங்கு வைத்திருந்த ஓய்வூதியக்காரர் எந்த வாசலில் போய் நிற்பார்?

ரஷ்யாவில் ஆள் சரியில்லை, அதனால் கெட்டது என்று சொல்பவர்கள் பிராகைப் பார்க்க வேண்டும். செக்கோஸ்லோவாக்கியாவின் வவுச்சரைப் பெயர் பதிந்த சிறு புத்தகமாகத்தான் கொடுத்தார்கள். நிதி அமைச்சர் வாட்ஸ்லாவ் கிளாவுஸ் தலைமையில் தயாரான திட்டம் அது. 1,035 கொருனா கட்டினால் 1,000 புள்ளிகள். அவற்றைக் கொண்டு விரும்பிய நிறுவனங்களின் பங்குகளைக் கேட்கலாம். முதலில் மக்கள் அசையவில்லை. அப்போது விக்டர் கோஷெனி என்ற இளைஞர், தான் படித்த ஹார்வர்டின் பெயரையே தன் நிதியத்துக்குச் சூட்டி, புள்ளிகளை எங்களிடம் ஒப்படைத்தால் ஓராண்டில் பத்து மடங்கு தருகிறோம் என்று விளம்பரம் செய்தார். வங்கிகளின் நிதியங்களும் போட்டிக்கு வந்தன. 85 லட்சம் பேர் பதிந்தார்கள். புள்ளிகளில் பத்தில் ஏழு பங்கு நிதியங்களிடம் போய்ச் சேர்ந்தது. நிதியங்களுக்கான சட்டம் 1992 ஏப்ரலில் வந்தபோது அவை ஏற்கெனவே மக்களைத் திரட்டி முடித்திருந்தன. பங்குச் சந்தையைக் கண்காணிக்கத் தனி ஆணையம் அமைய 1998 ஆகிவிட்டது.

அந்த இடைவெளியில் ஆலைகளைக் குடைந்தெடுத்த முறை எளிமையானது. நிதியத்தை நடத்துபவர் ஒரு சிறு நிறுவனத்தைத் தன் பெயரிலோ மைத்துனர் பெயரிலோ தொடங்குவார். ஆலை தன் சரக்கை அதற்கு அடிமாட்டு விலைக்கு விற்கும். மூலப்பொருளை அதனிடமே கொள்ளை விலைக்கு வாங்கும். லாபம் அங்கே தங்கும், கடன் ஆலைக்கு மிஞ்சும். அந்தக் கடனைக் கொடுப்பதும் அரசு பெரும்பங்கு வைத்திருந்த வங்கி. ஆலையின் பங்கை வைத்திருப்பதும் அதே வங்கியின் நிதியம். கோஷெனி பஹாமாஸுக்குப் போய்விட்டார். 2010இல் செக் நீதிமன்றம் அவர் இல்லாமலேயே அவருக்குப் பத்தாண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. அதே நாட்டில் ஸ்கோடா கார் நிறுவனம் வவுச்சருக்குள் வரவில்லை. 1991இலேயே ஃபோக்ஸ்வாகனை நேரடிப் பங்காளியாகச் சேர்த்தார்கள், அது வளர்ந்தது.

போலந்து வரிசையை மாற்றியது. 1991 மார்ச்சில் பங்குச் சந்தைச் சட்டமும் கண்காணிப்பு ஆணையமும். ஏப்ரலில், பழைய கம்யூனிஸ்ட் கட்சியின் தலைமையகக் கட்டடத்தில், வெறும் ஐந்து நிறுவனங்களோடு வார்சா பங்குச் சந்தை. மக்களுக்கான பங்குச் சான்றிதழ் வந்ததோ 1995 நவம்பரில்தான். 20 ஸ்லோட்டிக்கு இரண்டரைக் கோடிப் பேருக்கு மேல் வாங்கினார்கள். ஆனால் அதில் சேர்ந்தவை 512 நிறுவனங்கள் மட்டுமே. அவற்றை ஏற்ற நிதியங்கள் சுமாராகத்தான் நடந்தன. நிர்வாகக் கட்டணமே அவற்றை அரித்தது. போலந்து வளர்ந்தது இந்தச் சான்றிதழால் அல்ல, புதிதாக முளைத்த சிறு தொழில்களால். அதனால் போலந்தை வைத்து வவுச்சரை வாழ்த்தவும் முடியாது. சட்டம் முன்னே இருந்ததால் சேதம் குறைந்தது என்ற அளவுக்கே அது சான்று.

என்னை அதிகம் வருத்துவது கணக்கில் வராத ஓர் இழப்பு. சோவியத் ஆலை என்பது வேலையிடம் மட்டுமல்ல. குழந்தைகள் காப்பகம், மருத்துவமனை, குடியிருப்பு, கோடை முகாம் எல்லாம் அதன் பொறுப்பு. பங்கு நிறுவனமானதும் ஆலை இவற்றை நகராட்சியிடம் தள்ளியது. நகராட்சியிடம் பணம் இல்லை. ஒற்றை ஆலையை நம்பிய ஊர்களில் அது ஊரையே குலைத்தது. ரஷ்ய ஆண்களின் சராசரி ஆயுள் 1990இல் 64 வயதுக்குக் கிட்டத்தட்ட இருந்தது. 1994இல் 58க்கும் கீழே போனது. இதை வேகமான தனியார்மயத்தோடு இணைத்து 2009இல் தி லான்செட் இதழில் ஓர் ஆய்வு வந்தது. குடிப்பழக்கமும் பிற காரணங்களுமே அதை விளக்கப் போதும் என்று மறுத்தவர்களும் உண்டு. மறுப்பவர்களின் வாதம் எனக்கு வலுவாகவே படுகிறது. ஆனாலும் காப்பகமும் மருத்துவமனையும் யார் பொறுப்பு என்று பங்கு பிரிக்கும் முன் யாரும் தீர்த்துவைக்கவில்லை என்பது மட்டும் மறுக்க முடியாதது.

விற்கத் தடை போட்டிருந்தால் ஏழைகளின் வவுச்சர் பறிபோயிருக்காது என்பார்கள். உக்ரைன் தன் விளைநிலத்தில் அதைச் செய்தது. கூட்டுப்பண்ணைகளைப் பிரித்து ஏறத்தாழ 70 லட்சம் கிராமத்தாருக்கு ஆளுக்குச் சராசரி நான்கு ஹெக்டேர் கொடுத்தது; 2001இல் விற்பனைக்குத் தடை விதித்தது. நிலம் பெயரளவில் அவர்களிடமே இருந்தது. விற்கவும் முடியாமல், உழவும் வலுவில்லாமல், முதியவர்கள் பெரும் விவசாய நிறுவனங்களுக்கு அற்பக் குத்தகைக்கு விட்டார்கள். இந்தத் தடை உரிமை மீறல் என்று 2018இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2021 ஜூலையில் தடை விலகியபோது, ஒருவர் 100 ஹெக்டேருக்கு மேல் வாங்கக் கூடாது என்ற வரம்பும், நிறுவனங்கள் வாங்க 2024 வரை காத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் சட்டத்திலேயே எழுதப்பட்டிருந்தன.