ஊர்காண் காதையும் நம் தில்லி நாவல்களும்

சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டத்தில் ஊர்காண் காதை என்றொரு பகுதி உண்டு. புகாரிலிருந்து கால்நடையாக வந்த கோவலன், கண்ணகியைக் கவுந்தியடிகளின் பாதுகாப்பில் புறஞ்சேரியில் விட்டுவிட்டுத் தான் மட்டும் மதுரைக்குள் செல்கின்றான். காவல் மிகுந்த வாயிலைக் கடந்து, வீதி வீதியாகச் சுற்றி வருகின்றான். பரத்தையர் வீதி, பொற்கடை வீதி, அறுவை வீதி, கூல வீதி என்று எதையும் விடாமல் காண்கின்றான். மணிகளின் ஒளியையும் குற்றத்தையும் பற்றி இளங்கோவடிகள் அங்கே விரித்துரைப்பதைப் படிக்கும்போது, வணிகர் குலத்து இளைஞன் ஒருவனின் கண்கொண்டே அடிகள் அந்நகரைக் காட்டுகிறார் என்பது புலனாகும். ஊரைக் கண்டு மகிழ்ந்து அவன் திரும்புகின்றான். அந்த ஊரே சின்னாட்களில் அவனைக் கொன்றது.

மணியின் குற்றம் அறிந்த குலத்தில் பிறந்தவன், எதிரே வந்த பொற்கொல்லனின் குற்றத்தை அறிந்தானில்லை. ஊரைக் காண்பது வேறு, ஊரை அறிவது வேறு என்பதற்கு நம் மொழியில் இதைவிடத் தெளிவான சான்று இல்லை. மற்றொன்றும் ஈண்டு நினைக்கத் தக்கது. வந்த இருவருக்கும் அடைக்கலம் தந்தது மாடமாளிகை அன்று. ஆயர் சேரியிலே மாதரி என்னும் இடைக்குல மூதாட்டியின் இல்லம்.

இந்த அளவுகோலைக் கையில் கொண்டு, தலைநகரைக் களமாக வைத்துத் தமிழில் எழுந்த நாவல்களை நோக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆவல். நான் திறனாய்வுத் துறையைச் சார்ந்தவன் அல்லன். பகலெல்லாம் கோப்புகளோடு உழன்று, மாலையில் சங்க நூலகத்தில் படித்தவன். படித்ததை என் வாழ்க்கையோடு ஒப்பிட்டுப் பார்த்தவன் என்ற உரிமை ஒன்றே எனக்கு உண்டு.

தில்லித் தமிழர் என்ற ஒரு சமூகம் அரசாங்கத்தின் பின்னால் வந்த சமூகமாகும். 1911-இல் தலைநகர் மாற்றம் அறிவிக்கப்பட்டது; 1931-இல் புதுதில்லி திறக்கப்பெற்றது. செயலகம் வந்தது, அதனுடன் தென்னாட்டு எழுத்தர்களும் கணக்கர்களும் வந்தனர். 1923-இலேயே தென்னிந்தியக் குழந்தைகளுக்கென இங்கே பள்ளி தோன்றியது. 1946-இல் தில்லித் தமிழ்ச் சங்கம் பிறந்தது. 1973-இல் ராமகிருஷ்ணபுரத்து மலைமந்திரில் முருகன் எழுந்தருளினான். அலுவலகம், பள்ளி, சங்கம், கோயில் என்ற நான்கு சுவர்கள் எழுந்தன. அவற்றினுள்ளே ஒரு குட்டித் தமிழ்நாடு அமைந்தது. நம் எழுத்தாளர் பலரும் இச்சுவர்களுக்குள் வாழ்ந்தவர்களே. தி. ஜானகிராமன் வானொலிப் பணியில் இங்கே ஆண்டுகள் பல கழித்தார். ஆயினும் அவருடைய பேனா பெரும்பாலும் காவிரிக்கரையை விட்டு நீங்கவில்லை. தில்லியைத் தில்லியாகவே எழுத முற்பட்டவர்களுள் தலையாயவர் இருவர்: இந்திரா பார்த்தசாரதியும் ஆதவனும்.

தில்லிப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்த இந்திரா பார்த்தசாரதி, அதிகாரத்தின் நகராகத் தில்லியைக் கண்டார். ‘தந்திர பூமி’யின் கஸ்தூரி அமைச்சர்களுக்கும் அதிகாரிகளுக்கும் இடையே நடமாடும் சாமர்த்தியசாலி. ‘சுதந்திர பூமி’யின் முகுந்தன் அரசியல்வாதி ஒருவரின் வீட்டில் சமையற்காரனாக நுழைந்து அரசியலின் உச்சிக்கு ஏறுகிறான். ‘ஹெலிகாப்டர்கள் கீழே இறங்கிவிட்டன’ நாவலின் அமிர்தம் நடுவயதில் தன் இளமையைத் தேடித் தவிக்கும் அதிகாரி. இவர்களில் முகுந்தனே உண்மையான புதியவன். அவன் நகரைக் கற்றுக்கொள்ளும் வேகம் நம்மை வியக்க வைக்கிறது. ஆனால் அவன் கற்றது எது? யார் யாருக்கு வேண்டியவர், எந்தக் கதவை எந்த நேரத்தில் தட்ட வேண்டும் என்பதையே கற்றான். கோவலன் மணிகளைக் கண்டதுபோல் அவன் மனிதர்களின் விலையைக் கண்டான். அந்த நாவல்களின் கூர்மையான அங்கதம் இன்றும் மழுங்கவில்லை. எனினும் அவற்றில் வரும் தில்லி, அதிகாரத்தின் வரவேற்பறைகளைத் தாண்டி அதிகம் விரிவதில்லை.

ஆதவன் வேறு வகை. கல்லிடைக்குறிச்சியில் 1942-இல் பிறந்து, தில்லியிலே வளர்ந்து, மைய அரசிலும் பின்னர் நேஷனல் புக் டிரஸ்டிலும் பணியாற்றி, 1987-இல் அகால மரணமடைந்தவர். நம்மைப்போன்ற குமாஸ்தாக்களின் உள்ளத்தை அவரைப்போல் அறிந்தவர் இலர். ‘ஒரு அறையில் இரண்டு நாற்காலிகள்’ கதையில் வரும் கைலாசத்தையும் அகர்வாலையும் எண்ணிப் பாருங்கள். அலுவலக அறையில் அருகருகே அமர்ந்திருந்தும், ஒருவர் மனத்தில் மற்றவரைப் பற்றி உருவான பிம்பத்தோடுதான் உறவாட முடிகிறது. அதைப் படித்தபின் மறுநாள் என் பக்கத்து நாற்காலியைப் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. ‘காகித மலர்கள்’ நாவலிலோ, உயர் அதிகாரியான பசுபதியின் குடும்பத்தில் ஒவ்வொருவரும் ஒரு வேடம் பூண்டு, அதுவே தம் முகம் என்று நம்ப முயல்கின்றனர். நகர வாழ்க்கையில் மனிதன் தன்னை இழக்கும் விதத்தை இவ்வளவு நேர்மையாகச் சொன்ன தமிழ் நாவல் வேறு எளிதில் கிடைக்காது.

ஆயினும் ஆதவனின் ஒளி முழுவதும் உள்நோக்கியே விழுகிறது. நகரம் ஒரு நிலைக்கண்ணாடி. அதில் தெரிவது தமிழனின் முகமே. நம் தில்லி நாவல்கள் தில்லியில் வாழ்ந்த தமிழனை நன்கு அறிந்தன. ஆனால் தில்லியை அந்தத் தமிழன் அறிந்த கதையை அவை எழுதவில்லை. இதுவே என் முறையீடு.

இதை நான் உணர்ந்த விதத்தைச் சொல்லாமல் மேற்செல்ல இயலாது. 2004-ஆம் ஆண்டு டிசம்பரில், எழுத்தர் பணிக்கான ஆணையோடு, இரண்டு இரவும் ஒரு பகலும் ரயிலில் வந்து இறங்கினேன். லஜ்பத் நகரில் ஒரு மாடியறை கிடைத்தது. வீட்டுக்கார அம்மையார் எழுபதைக் கடந்த பஞ்சாபிப் பெண்மணி. உரத்த குரல், கறாரான வாடகைக் கணக்கு. நம் சிறப்பு மலர்களின் நகைச்சுவைக் கதைகளில் வரும் வீட்டுக்காரியேதான் என்று எண்ணிக்கொண்டேன். ஒருநாள் குளிரையும் சப்பாத்தியையும் குறித்து நான் அரைகுறை இந்தியில் புலம்பியபோது, ‘உன் ஊர் எவ்வளவு தூரம்?’ என்று கேட்டார். இரண்டு இரவு என்றேன். ‘என் ஊர் லாயல்பூர். ஒரே இரவுப் பயணம்தான். ஆனால் போக முடியாது’ என்றார். பிறகு வழக்கம்போல் தண்ணீர்த் தொட்டி நிரம்பிவிட்டதா என்று பார்க்கச் சென்றுவிட்டார்.

அன்றுதான் எனக்கு விளங்கியது: இந்நகரின் சொந்தக்காரர் என்று நான் எண்ணிய அவரும் ஒரு புதியவரே. 1941-இல் ஏறத்தாழ 9 லட்சத்து 18 ஆயிரமாக இருந்த தில்லியின் மக்கள்தொகை 1951-இல் 17 லட்சத்து 44 ஆயிரமாயிற்று. லஜ்பத் நகர், ராஜேந்திர நகர், பட்டேல் நகர் ஆகியவை அகதிகளுக்கென எழுந்த குடியிருப்புகள். நாம் வாடகைக்குப் புகுந்த வீடுகள் பலவும் வீடிழந்தவர்கள் கட்டிய வீடுகள். நாம் சம்பளத்துக்கு வந்தோம். அவர்கள் உயிருக்குத் தப்பி வந்தனர். இரு புதியவர்கள் ஒரே மாடிப்படியில் எதிரெதிரே ஏறி இறங்கிய இந்தக் கதை, தமிழ் நாவலுக்கென்றே வாய்த்த கதையன்றோ? அதை ஒரு முழு நாவலாக என் வாசிப்பில் நான் இன்னும் கண்டதில்லை.

இந்தியில் மோகன் ராகேஷ் 1961-இல் வெளியிட்ட ‘அந்தேரே பந்த் கம்ரே’ என்னும் நாவலை ஒப்பு நோக்கலாம். அதில் வரும் செய்தியாளன் மதுசூதனன் புதுதில்லியின் கலைஞர் வட்டத்தில் உலவுகிறான். ஆனால் பழைய பகுதியான கஸ்ஸாப்புராவின் நெரிசலில் ஓர் எளிய குடும்பத்தோடு வாழ்ந்த நாட்களும் அவனைத் தொடர்கின்றன. இரண்டு தில்லிகளுக்கும் இடையில் அவன் நடந்து பார்க்கிறான். நம் நாயகர்களோ பெரும்பாலும் ஒரே தில்லியிலேயே நின்றுவிடுகின்றனர்.

இதற்கொரு மறுப்பு எழலாம். அகவுலகை எழுதிய ஆதவனிடம் புறவுலகைக் கேட்பது மாமரத்திடம் பலாப்பழம் கேட்பதாகாதா? நியாயமான மறுப்பே. எந்த எழுத்தாளரும் எல்லாவற்றையும் எழுதக் கடமைப்பட்டவர் அல்லர். அவர்கள் எழுதியது நம் சொத்து; அதில் குறை காண நான் யார்? என் கேள்வி அவர்களை நோக்கியதன்று. அவர்களுக்குப்பின் வந்த நாம் அந்த வரம்பையே நம் பார்வையின் வரம்பாகவும் கொண்டுவிட்டோமே என்பதுதான் என் வருத்தம். இலக்கியம் காட்டாத இடத்தை வாழ்க்கையிலும் நாம் பார்ப்பதில்லை.

அதற்கொரு சான்று தருகிறேன். ஜங்புராவில் பாராபுல்லா வடிகால் ஓரத்தில் ‘மதராஸி கேம்ப்’ என்றொரு குடிசைப் பகுதி இருந்தது. தமிழ்நாட்டிலிருந்து பிழைப்புத் தேடி வந்த ஏழைக் குடும்பங்கள் பல்லாண்டுகளாக அங்கே வாழ்ந்தன. வீட்டு வேலை செய்வோர், ஓட்டுநர், கூலித் தொழிலாளர் என அவர்கள் உழைப்பினால் சுற்றுவட்டாரத்து வீடுகள் இயங்கின. வடிகாலுக்கு இடையூறு என்ற காரணத்தால், உயர்நீதிமன்ற ஆணையின்படி 2025 ஜூன் 1 அன்று அது இடிக்கப்பட்டது. சுமார் 370 குடிசைகள். மாற்று வீட்டுக்குத் தகுதியுடையவை என்று கொள்ளப்பட்ட குடும்பங்கள் 189; அவ்வீடுகளும் நகரின் வடகோடியிலுள்ள நரேலாவில். ஜங்புராவில் பாத்திரம் துலக்கிப் பிழைப்பவர் நரேலாவிலிருந்து நாள்தோறும் எப்படி வந்து திரும்புவார்?

இதை எழுதும்போது என் தலை குனிகிறது. லோதி காலனிக் குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டுக்கு ஆறாண்டுகள் வேலைக்கு வந்த அம்மா விழுப்புரம் பக்கத்தவர். என் மகளுக்குத் தமிழ்ப் பாட்டும் விடுகதையும் சொல்லிக் கொடுத்தவர் அவரே. சங்கத்தில் ‘புலம்பெயர் தமிழர் வாழ்வு’ பற்றி உரையாற்றிவிட்டு வந்த இரவுகளிலும், அவர் எங்கே குடியிருக்கிறார் என்று நான் கேட்டதில்லை. ஒரு திங்கட்கிழமை அவர் வரவில்லை. செய்தித்தாளில் படத்தைப் பார்த்துத்தான் அவருடைய முகவரியை அறிந்தேன். அறிந்தபோது அந்த முகவரி இல்லை.

இருபது ஆண்டுகளில் நான் இந்நகரைக் கண்டிருக்கிறேன். மெட்ரோ ரயில் தடம் தடமாக நீண்டதையும், சரோஜினி நகர், நேதாஜி நகர் போன்ற இடங்களில் பழைய அரசுக் குடியிருப்புகள் இடிபட்டு அடுக்குமாடிகள் எழுந்ததையும் கண்டிருக்கிறேன். அவை யாவும் ஊர்காண் காதையே. ஊரறி காதை இன்னும் தொடங்கவில்லை.

அதை எழுதப்போகிறவர் யார்? இங்கே பிறந்து, இந்தியில் கனவு கண்டு, தமிழில் பாட்டியோடு பேசும் நம் பிள்ளைகளில் ஒருவராக இருக்கலாம். நரேலாவின் நான்கு சுவர்களுக்குள் இன்று பாடம் படிக்கும் ஒரு சிறுமியாகவும் இருக்கலாம். அதுவரை நம்மால் ஆகக்கூடிய சிறு பணி ஒன்று உண்டு. அடுத்த ஆண்டு மலரில், வழக்கமான வாழ்த்துரைகளில் இரண்டைக் குறைத்துக்கொண்டு, மதராஸி கேம்ப் மக்கள் தம் தில்லியைப் பற்றித் தம் வாயால் சொல்வதைக் கேட்டெழுதி வெளியிடுவோம். எழுதிக்கொடுக்க நான் அணியமாக இருக்கிறேன்.

தன்னிடம் அடைக்கலமாக வந்தவர்களைக் காக்க முடியவில்லையே என்று மாதரி தீப்புகுந்தாள் என்கிறது காப்பியம். அவள் ஊரின் பெருமக்களுள் ஒருத்தி அல்லள். ஆயினும் இளங்கோவடிகள் அவள் பெயரை எழுதி வைத்தார்; அதனால் நாம் அறிவோம். எங்கள் வீட்டுக்கு வந்த அம்மாவின் பெயரை என் மகள் அறிவாள். நான் அவளிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.