பலியைத் தேர்ந்தவர் யார்?

1884 ஜூலை 5. நன்னம்பிக்கை முனையிலிருந்து ஏறத்தாழ 1,600 மைல் தொலைவில், சிட்னிக்குப் போய்க்கொண்டிருந்த மிக்னொனெட் என்ற சிறு பாய்மரக் கப்பல் மூழ்கியது. கப்பல் தலைவர் டட்லி, துணைவர் ஸ்டீவன்ஸ், மாலுமி புரூக்ஸ், 17 வயது எடுபிடிப் பையன் பார்க்கர் ஆகிய நால்வரும் படகில் தப்பினார்கள். கையில் இருந்தவை இரண்டு டப்பா டர்னிப் கிழங்கு மட்டுமே, குடிநீர் இல்லை. மூன்று வாரம் ஆவதற்குள், நோயுற்றுக் கிடந்த பையனை, ஸ்டீவன்ஸின் இசைவோடு டட்லி கொன்றார். மூவரும் தின்றார்கள். சில நாளில் ஒரு ஜெர்மன் கப்பல் அவர்களை மீட்டது.

இங்கிலாந்தில் டட்லி, ஸ்டீவன்ஸ் இருவர்மீதும் கொலை வழக்கு நடந்தது. உயிர் பிழைக்க வேண்டிய நிலை கொலைக்கு நியாயமாகாது என்று தலைமை நீதிபதி கோல்ரிட்ஜ் தீர்ப்பளித்தார். தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டுப் பின்னர் ஆறு மாதச் சிறையாகக் குறைக்கப்பட்டது.

இந்த இரட்டை நிலையை முரண்பாடு என்று ஒதுக்கிவிட முடியாது. செயல் சரியா என்பது ஒரு கேள்வி. செய்தவரை எவ்வளவு பழிக்கலாம் என்பது வேறு கேள்வி. கடலில் ஒரே பலகைக்காக இருவர் போராடும் பழைய உதாரணத்தை எடுத்துக்கொண்ட தத்துவ அறிஞர் கான்ட், மற்றவனைத் தள்ளிவிட்டவன் குற்றமற்றவன் அல்லன், ஆனால் தண்டிக்க இயலாதவன் என்றார். எதிரே நிற்கும் சாவைவிட, என்றோ வரப்போகும் தண்டனை அவனை அச்சுறுத்தாது என்பது அவர் வாதம். ஜெர்மன் குற்றவியல் சட்டமோ இந்த வேறுபாட்டையே இரு பிரிவுகளாக்கியது: 34ஆம் பிரிவு செயலை நியாயப்படுத்துகிறது, 35ஆம் பிரிவு செயலைத் தவறென்றே வைத்துக்கொண்டு ஆளை மட்டும் மன்னிக்கிறது.

பலரைக் காக்க ஒருவரை இழக்கலாம் என்போருக்குக் கணக்கு எளிது. ஆனால் கடத்தப்பட்ட விமானத்தைப் பயணிகளோடு சுட்டு வீழ்த்த அனுமதித்த சட்டத்தை 2006இல் ஜெர்மன் அரசியலமைப்பு நீதிமன்றம் ரத்து செய்தது. மனித உயிரைக் கருவியாக்கும் உரிமை அரசுக்கு இல்லை என்றது அது.

எண்ணிக்கையைவிட முக்கியமானது தேர்ந்தெடுத்த முறை என்று எனக்குத் தோன்றுகிறது. பார்க்கரிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. சீட்டுக் குலுக்கவும் இல்லை. இருந்தவர்களில் மிக இளையவனும் மிகப் பலவீனனுமாகிய ஒருவனைப் பார்த்து எடுத்தார்கள். 1842இல் பிலடெல்பியாவில் நடந்த ஹோம்ஸ் வழக்கும் இங்கேதான் வந்து நிற்கிறது. நிரம்பி வழிந்த படகிலிருந்து மாலுமிகள் பயணிகளைக் கடலில் வீசினார்கள். படகைச் செலுத்தத் தேவைப்படாத மாலுமிகளே முதலில் விலகியிருக்க வேண்டும், அதன்பின் சீட்டுப் போட்டிருக்க வேண்டும் என்றது நீதிமன்றம்.

சீட்டும் எல்லாவற்றையும் தீர்ப்பதில்லை. 1949இல் சட்ட அறிஞர் லான் புல்லர் எழுதிய கற்பனை வழக்கில், குகையில் சிக்கியவர்கள் பகடை உருட்டுகிறார்கள். அதை முன்மொழிந்தவனே உருட்டுமுன் பின்வாங்கிவிடுகிறான், பலியாவதும் அவன்தான். தீர்ப்பில் நீதிபதிகள் சரிபாதியாகப் பிளவுபடுகிறார்கள்.

1972இல் ஆண்டிஸ் மலையில் விழுந்த உருகுவே விமானத்தில் 16 பேர் 72 நாள் பிழைத்தார்கள். இறந்தவர்களின் உடலைத் தின்றார்கள். ஆனால் யாரையும் கொல்லவில்லை. தாம் இறந்தால் தம் உடலும் மற்றவர்க்கு உணவாகட்டும் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். அந்தச் சம்மதமே மிக்னொனெட்டிலிருந்து அவர்களைப் பிரிக்கிறது.

நாஜி முகாமிலிருந்து மீண்ட ப்ரீமோ லெவி 1986இல் இன்னொரு எல்லையைச் சுட்டினார். பிணங்களை எரிக்கும் வேலைக்கு வற்புறுத்தப்பட்ட கைதிகள்மேல் தீர்ப்புச் சொல்வதை நிறுத்திவைக்கச் சொன்னார். அங்கே தேர்வை அமைத்தவர்கள் வேறு ஆட்கள். பழியின் பெரும்பங்கு அவர்களுடையது.

1860இன் இந்தியத் தண்டனைச் சட்டம், 81ஆம் பிரிவில், ஒரு கப்பல் தலைவனை உதாரணமாகக் காட்டியது. தன் தவறின்றி நெருக்கடியில் மாட்டிய அவன், 20, 30 பேர் இருக்கும் படகில் மோதாமல் திரும்பினால் இரண்டு பேர் இருக்கும் படகுக்கு ஆபத்து வரலாம். அவர்களைச் சேதப்படுத்தும் எண்ணமின்றித் திரும்பினால் குற்றமில்லை. அந்த இருவருக்கும் தப்பும் வாய்ப்பு உண்டு. பார்க்கருக்கு அது விடப்படவில்லை. ஆகவே, நெருக்கடி எவ்வளவு கொடிது என்று கேட்பதோடு பொறுப்பை அளக்க முடியாது. அந்தச் சுமை யார்மேல், யாருடைய முடிவால் விழுந்தது என்றும் கேட்டாக வேண்டும்.